பிரின்ஸ்: பூட்டி வைத்த பாட்டுகளும் கன்னத்தில் எழுதிய ஒரு வார்த்தையும்

மைக்கேல் ஜாக்சனைத் தெரிந்த அளவுக்கு நம்மூரில் பிரின்ஸைத் தெரியாது. இரண்டு பேரும் 1958-ல் பிறந்தவர்கள், பிரின்ஸ் ஜூனில், ஜாக்சன் ஆகஸ்டில். 80-களில் இரண்டு பேருக்கும்தான் போட்டி. 'பர்ப்பிள் ரெய்ன்' ஆல்பம் அமெரிக்காவில் 24 வாரம் முதல் இடத்தில் உட்கார்ந்திருந்தது, ஆஸ்கரும் வாங்கியது. இதெல்லாம் எந்த விக்கிப்பக்கத்திலும் கிடைக்கும். எனக்கு எழுத ஆசை வேற விஷயத்தைப் பற்றி. வெளியே வந்த பிரின்ஸைவிட வெளியே வராத பிரின்ஸ் பெரிய ஆசாமி. ஊருக்குக் கேட்க விட்டதைவிட அறைக்குள் பூட்டி வைத்தது அதிகம். அதை யார் பூட்டுவது, யார் திறப்பது என்பதற்காக ஆயுளில் பாதியைச் சண்டையில் கழித்த மனுஷன் அவர்.

ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். 1977-ல் வார்னர் பிரதர்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போடும்போது அவருக்கு வயது 19. மினியாபொலிஸ் நகரத்துப் பையன், அப்பா ஜாஸ் பியானோக்காரர். கம்பெனிக்காரர்கள் 'எர்த், விண்ட் அண்ட் ஃபயர்' குழுவின் மாரிஸ் வைட்டைத் தயாரிப்பாளராகப் போடலாம் என்றார்கள். அந்தக் காலத்தில் அது சாதாரண மரியாதை இல்லை. தம்பி 'வேணாம், நானே பார்த்துக்கறேன்' என்று சொல்லிவிட்டார். ஒரு ஆல்பம்கூட இன்னும் வெளியிடாத ஒரு பையன்! சரி, என்னதான் பண்றான் பார்ப்போம் என்று ஸ்டூடியோவில் விட்டுப் பார்த்தார்கள். டிரம்ஸ், பேஸ், கிடார், கீபோர்டு என்று ஒவ்வொன்றாக அவனே வாசித்து மேலே மேலே அடுக்கிக்கொண்டு போனதைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள். 1978-ல் வந்த முதல் ஆல்பம் 'ஃபார் யூ'வின் உறையில் தயாரிப்பு, இசைக்கோர்ப்பு, பாட்டு, வாசிப்பு எல்லாம் பிரின்ஸ் என்றே போட்டிருக்கும். வாத்தியங்களின் எண்ணிக்கை 27. மூன்று ஆல்பத்துக்கு ஒதுக்கிய பணத்தில் பெரும்பகுதியை அந்த ஒன்றுக்கே செலவழித்துவிட்டார் என்பது தனிக்கதை.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கு. பின்னாளில் வார்னரை வில்லன் மாதிரி எல்லாரும் எழுதினார்கள், பிரின்ஸும் அப்படித்தான் பேசினார். ஆனால் 19 வயசுப் பையனிடம் சாவியைக் கொடுத்த கம்பெனியும் அதேதான். 1980-ல் வீட்டில் பதிவு செய்த கரடுமுரடான டெமோ நாடாக்களை அப்படியே 'டர்ட்டி மைண்ட்' என்று ஆல்பமாகப் போட்டுக் கொடுத்ததும் அவர்கள்தான்.

இப்போ ஒரு வேடிக்கை. கம்பெனிக்கு வருஷத்துக்கு ஒரு ஆல்பம் போதும். அதை விளம்பரப்படுத்தி, ரேடியோவில் ஏற்றி, மூணு நாலு சிங்கிள் வெளியிட்டு, கறந்து முடிக்க அவ்வளவு நாள் வேணும். பிரின்ஸுக்கோ தினமும் ஒரு பாட்டு வருது. என்ன செய்வது? மற்றவர்கள் பெயரில் வெளியிட ஆரம்பித்தார். 'த டைம்' என்று ஒரு குழு. 1981-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் கிட்டத்தட்ட எல்லா வாத்தியத்தையும் வாசித்தது பிரின்ஸ், மேலே பாடியது மட்டும் மாரிஸ் டே. தயாரிப்பாளர் என்று 'ஜேமி ஸ்டார்' என்ற பெயர் போட்டிருக்கும். அப்படி ஒரு ஆளே கிடையாது. ஷீனா ஈஸ்டனுக்கு 1984-ல் பாட்டு எழுதும்போது 'அலெக்ஸாண்டர் நெவர்மைண்ட்'. பேங்கிள்ஸ் பெண்களுக்கு 'மேனிக் மண்டே' கொடுக்கும்போது 'கிறிஸ்டோபர்'. 1986-ல் அந்தப் பாட்டு அமெரிக்காவில் இரண்டாம் இடத்துக்கு வந்து நின்றது. முதல் இடத்தை விட்டுக்கொடுக்காமல் நின்ற பாட்டு எது? பிரின்ஸின் 'கிஸ்'. ஆக முதல் இரண்டு இடமும் ஒரே ஆள், பாதிப்பேருக்கு அது தெரியாது :-)

'நத்திங் கம்பேர்ஸ் டூ யூ' என்றால் எல்லாருக்கும் மொட்டைத்தலை சினேட் ஓ'கானர் அழுகிற முகம்தான் ஞாபகம் வரும். அது 1990. பிரின்ஸ் அதை எழுதிப் பதிவு செய்தது 1984-ல். 1985-ல் 'த ஃபேமிலி' என்று இன்னொரு குழுவை உருவாக்கி அவர்கள் ஆல்பத்தில் போட்டார். அந்த ஆல்பம் ஓடவில்லை, குழுவும் கலைந்தது, பாட்டு ஐந்து வருஷம் அனாதையாகக் கிடந்தது. பிரின்ஸ் குரலில் 1984-ல் பதிவானது நம் காதுக்கு வர 2018 ஆச்சு. அதில் சாக்ஸஃபோன் ஒன்று வரும் பாருங்கள், ஓ'கானருடையதை மறக்கச் செய்யாது, ஆனால் இது வேற துக்கம்.

இதே 'த ஃபேமிலி' ஆல்பத்தில்தான் கிளேர் ஃபிஷர் உள்ளே வருகிறார். ஜாஸ் உலகத்துப் பெரியவர். பிரின்ஸ் பாட்டை நாடாவில் அனுப்புவார், ஃபிஷர் அதற்கு ஆர்க்கெஸ்ட்ரா எழுதிப் பதிவு செய்து திருப்பி அனுப்புவார். வருஷக்கணக்காக இது நடந்தது. இரண்டு பேரும் ஒருமுறைகூட நேரில் சந்திக்கவில்லை! சந்தித்தால் ராசி போய்விடும் என்று பிரின்ஸுக்கு ஒரு எண்ணம்.

மறைமுகமாக ஜாஸும் வாசித்திருக்கிறார். 1987-ல் 'மேட்ஹவுஸ்' என்ற பெயரில் இரண்டு ஆல்பம். முதல் ஆல்பத்தின் பெயர் '8', பாட்டுகளின் பெயர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எட்டு வரை. அடுத்தது '16', பாட்டுகள் ஒன்பதிலிருந்து பதினாறு. எரிக் லீட்ஸ் சாக்ஸஃபோன், மற்றதெல்லாம் பெரும்பாலும் நம்மாளு. '8'-ன் உறையில் பிரின்ஸ் பெயர் கிடையாது. எனக்கு அது அவருடைய சுமாரான வேலைகளில் ஒன்றாகத்தான் படுகிறது, தீவிர ரசிகர்கள் அடிக்க வரலாம். ஆனால் ஆறாவது பாட்டை மட்டும் ராத்திரியில் கேட்டுப் பாருங்கள்.

சரி, 1986-க்கு வருவோம். என்னைக் கேட்டால் அவர் வாழ்க்கையின் உச்சமே அந்த ஒரு வருஷம்தான். 'த ரெவல்யூஷன்' என்ற தன் குழுவோடு 'ட்ரீம் ஃபேக்டரி' என்று இரட்டை ஆல்பம் தயார் செய்தார். வெண்டி, லிசா என்ற இரண்டு பெண்களின் கை அதில் நிறைய உண்டு. அக்டோபரில் குழுவையே கலைத்தார், ஆல்பமும் போச்சு. அடுத்து 'கமீல்'. தன் குரலைப் பதிவு செய்யும்போது நாடாவின் வேகத்தைக் குறைத்துவிடுவார், பிறகு சரியான வேகத்தில் ஓட்டினால் குரல் மேலே ஏறி ஆணா பெண்ணா என்று தெரியாத ஒரு குரலாக வரும். அந்தக் குரலுக்கு கமீல் என்று பெயர். எட்டுப் பாட்டுள்ள ஆல்பத்தைத் தன் பெயரே இல்லாமல் கமீல் பெயரில் விடுவதாகத் திட்டம். அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் இரண்டிலிருந்தும் பொறுக்கி, புதுசும் சேர்த்து, 22 பாட்டோடு மூன்று இசைத்தட்டு கொண்ட 'கிரிஸ்டல் பால்' என்று கொண்டுபோய் வார்னர் மேஜையில் வைத்தார். அவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூணு தட்டு யார் வாங்குவார்கள், குறை என்றார்கள். வேறு வழியில்லாமல் வெட்டினார். 16 பாட்டோடு 1987 மார்ச்சில் வந்ததுதான் 'சைன் ஓ த டைம்ஸ்'.

இங்கேதான் எனக்கு நெருடல். அந்த இரட்டை ஆல்பம் அவருடைய ஆகச்சிறந்த படைப்பு என்று விமர்சகர்கள் பெரும்பாலும் ஒத்துப்போவார்கள், நானும் அந்தக் கட்சிதான். அது அவ்வளவு இறுக்கமாக இருக்கக் காரணம் அந்த வெட்டுதானே? பிரின்ஸுக்கு அந்த வெட்டு ஆறாத காயம். கேட்கிறவனுக்கு லாபம். கலைஞன் பக்கம் நிற்கிறேன் என்று சுலபமாகச் சொல்லிவிட இந்த ஆல்பம் விடமாட்டேன் என்கிறது.

அதில் 'த பேலட் ஆஃப் டாரதி பார்க்கர்' என்று ஒரு பாட்டு. தண்ணிக்கு அடியிலிருந்து கேட்கிற மாதிரி மந்தமாக ஒலிக்கும். அது திட்டமிட்டது இல்லை. வீட்டு ஸ்டூடியோவில் புது மிக்ஸிங் கன்சோல் பொருத்திய கையோடு, சோதித்துக்கூடப் பார்க்காமல் மனுஷன் பதிவுக்கு உட்கார்ந்துவிட்டார். மின் இணைப்பில் ஏதோ கோளாறு, கன்சோலுக்குப் போகவேண்டிய மின்சாரத்தில் பாதிதான் போகிறது, மேல்ஸ்தாயி சத்தமே காணோம். இன்ஜினியர் சூசன் ராஜர்ஸ் உள்ளுக்குள் பதறிக்கொண்டிருக்க, அவர் நிறுத்தவே இல்லை, ராவோடு ராவாகப் பாட்டை முடித்துவிட்டார். அப்படியேதான் வெளியிட்டார்.

இந்த சூசன் ராஜர்ஸ்தான் அந்தப் பெட்டகத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டவர். 1983-ல் அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது நாடாக்கள் அங்கொன்றும் இங்கொன்றுமாக ஊர் ஊராகச் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்த்து ஒரே இடத்தில் வைத்தார். 1987-ல் சான்ஹாசன் ஊரில் பெய்ஸ்லி பார்க் ஸ்டூடியோ திறந்தபோது அதன் கீழ்த்தளத்தில் நாடாக்களுக்கென்றே வங்கி லாக்கர் மாதிரி கதவோடு ஒரு அறை வந்தது. 'வால்ட்' என்று ரசிகர்கள் பயபக்தியோடு சொல்வது அதைத்தான்.

அதே 1987 டிசம்பரில் இன்னொரு கூத்து. 'பிளாக் ஆல்பம்'. முழுக் கறுப்பு உறை, பெயர் கிடையாது, படம் கிடையாது. டிசம்பர் 8 வெளியீடு. சுமார் ஐந்து லட்சம் பிரதி அச்சாகித் தயார். ஒரு வாரம் இருக்கும்போது பிரின்ஸே வார்னர் தலைவர் மோ ஆஸ்டினிடம் போய் 'நிறுத்துங்க' என்றார். அந்த ஆல்பத்தில் தீய சக்தி இருக்கு என்று அவருக்கு ஒரு ராத்திரியில் தோன்றிவிட்டதாம். கம்பெனி மறுபேச்சு இல்லாமல் அத்தனையையும் அழித்தது. (இந்த ஒரு விஷயத்துக்காகவே ஆஸ்டினுக்கு ஒரு சல்யூட்.) தப்பிய சில பிரதிகளிலிருந்து திருட்டுப்பதிவு உலகம் முழுக்கப் பரவியது. 1994-ல் முறைப்படி வந்தபோது கேட்காதவன் பாக்கி இல்லை. 2018-ல் அந்த 1987 தட்டின் கனடா பிரதி ஒன்று 27,500 டாலருக்கு விலைபோனது.

இனி பெரிய சண்டை. அதற்கு முன்னால் 'மாஸ்டர்' என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கன்னத்தில் எழுதினதெல்லாம் கோமாளித்தனமாகத் தெரியும். ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கு. ஒன்று வரியும் மெட்டும். இன்னொன்று அதைப் பாடிப் பதிவு செய்த மூல ஒலிப்பதிவு, அதுதான் மாஸ்டர். கம்பெனி முன்பணம் தரும், அதில் பதிவு செய்வீர்கள், பிறகு உங்கள் பங்கிலிருந்தே அந்த முன்பணத்தைக் கழித்துக்கொள்வார்கள். முழுக்கக் கழித்த பிறகும் மாஸ்டர் கம்பெனிக்கே சொந்தம். கடன் வாங்கி வீடு கட்டி, கடனையும் அடைத்து, வீடு மட்டும் பேங்க் பெயரில் இருக்கிற கதை.

1992-ல் வார்னரோடு புது ஒப்பந்தம், 10 கோடி டாலர் என்று பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் போட்டன. உள்ளே ஏகப்பட்ட நிபந்தனை. ஒரு ஆல்பத்துக்கு ஒரு கோடி டாலர் முன்பணம், ஆனால் முந்தைய ஆல்பம் 50 லட்சம் விற்றிருந்தால்தான். விற்கவில்லை. மாஸ்டர்களும் கைக்கு வரவில்லை. அவர் நினைத்த வேகத்தில் ஆல்பங்களை வெளியிடவும் கம்பெனி சம்மதிக்கவில்லை. 1993 ஏப்ரலில் 'இனி ஸ்டூடியோ பக்கம் வரமாட்டேன், மிச்ச ஒப்பந்தத்துக்குப் பெட்டகத்திலிருந்து பழசை எடுத்துத் தருவேன்' என்று அறிவித்தார். ஜூன் 7, தன் 35-வது பிறந்தநாள் அன்று பெயரையே மாற்றிக்கொண்டார். உச்சரிக்கவே முடியாத ஒரு சின்னம்! ஒப்பந்தம் போட்டது பிரின்ஸ்தானே, அந்த ஆளே இப்போ இல்லையே என்ற கணக்கு. பத்திரிகைக்காரர்கள் அச்சடிக்க முடியாமல் திண்டாட, வார்னரே அந்தச் சின்னத்தின் எழுத்துருவை ஃபிளாப்பியில் போட்டு அனுப்பி வைத்தது. கன்னத்தில் 'ஸ்லேவ்', அதாவது அடிமை, என்று எழுதிக்கொண்டு மேடை ஏறினார். கோடீஸ்வரனுக்கு என்ன அடிமைத்தனம் என்று டி.வி. நிகழ்ச்சிகளில் சிரித்தார்கள். ஆனால் ஒரு கறுப்பின அமெரிக்கர் அந்த வார்த்தையைத் தன் முகத்தில் எழுதிக்கொள்வது விளையாட்டுக்கில்லை. சொந்த உழைப்பின் பலன் அடுத்தவன் பெயரில் இருக்கிறது என்று சொல்ல அவர் வரலாற்றில் வேறு எந்த வார்த்தை இருக்கிறது?

இதற்கு நடுவில், 1994-ல், வார்னரிடம் அனுமதி வாங்கி, பழைய ஸ்டாக்ஸ் கம்பெனிக்காரர் ஆல் பெல் நடத்திய சின்ன கம்பெனி மூலமாக ஒரே ஒரு சிங்கிளைச் சொந்தமாக வெளியிட்டுப் பார்த்தார். 'த மோஸ்ட் பியூட்டிஃபுல் கேர்ள் இன் த வேர்ல்ட்'. அமெரிக்காவில் மூன்றாம் இடம், பிரிட்டனில் முதல் இடம். தன் குரலில் அவர் பிரிட்டனில் முதல் இடம் பிடித்த ஒரே பாட்டு அதுதான். 'பாத்தியா, நீங்க இல்லாம ஜெயிக்க முடியும்' என்று காட்டியாச்சு. அதே வருஷம் வார்னருக்காக வந்த 'கம்' ஆல்பத்தின் உறையில் பிரின்ஸ் 1958–1993 என்று கல்லறையில் பொறிக்கிற மாதிரி போட்டிருக்கும்.

1996-ல் விடுதலை. மறுபேச்சுக்கு இடமில்லாமல் 'எமான்சிபேஷன்' என்றே பெயர் வைத்து மூன்று சி.டி., ஒவ்வொன்றும் சரியாக 60 நிமிஷம், மொத்தம் 36 பாட்டு. பத்து வருஷத்துக்கு முன் மறுக்கப்பட்ட மூணு தட்டுக்குப் பழிவாங்கல் என்றுதான் எனக்குத் தோன்றும். கேட்டுப் பார்த்தால்... உண்மையைச் சொல்லணும்னா, 36-ல் 15 தேறும். கத்தரிக்க ஆள் இல்லை.

1998-ல் 'கிரிஸ்டல் பால்' என்ற பழைய பெயரில் பெட்டகத்திலிருந்து மூன்று சி.டி. வந்தது. ஃபோனிலும் இன்டர்நெட்டிலும் நேரடி விற்பனை. யூடியூபும் ஐடியூன்ஸும் பிறக்காத காலம், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முன்பணம் கட்டிக் காத்திருந்த ரசிகர்கள் பலருக்குக் கடைக்கு வந்த பிறகுதான் பார்சல் வந்தது. வயிறெரிந்தார்கள். ஆனால் அதோடு சேர்ந்து வந்த 'த ட்ரூத்' இருக்கிறதே, பெரும்பாலும் ஒரு அக்கூஸ்டிக் கிடாரும் குரலும்தான், அவருடைய கவனிக்கப்படாத ஆல்பங்களில் நான் முதலில் கைகாட்டுவது அதைத்தான்.

1999-ல் '1999' பாட்டையே புதுசாகப் பதிவு செய்து வெளியிட்டார், பழைய மாஸ்டர் வார்னரிடம் இருக்கட்டும், எனக்கு என்னுடையது என்று. இருபது வருஷம் கழித்து டெய்லர் ஸ்விஃப்ட் இதே உத்தியில் ஆல்பம் ஆல்பமாக மறுபதிவு செய்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார், 2025-ல் தன் பழைய மாஸ்டர்களையும் விலைக்கு வாங்கிவிட்டார். பிரின்ஸின் மறுபதிவு என்னவோ சுமார் ரகம்தான். 1999 கடைசி நாளோடு பாட்டுரிமை ஒப்பந்தம் முடிய, 2000 மே மாதம் பிரின்ஸ் என்ற பெயரை மறுபடி எடுத்துக்கொண்டார்.

பிறகு 2003-ல் 'நியூஸ்' என்று வெறும் வாத்திய ஆல்பம், நாலு திசைக்கு நாலு பாட்டு, ஒவ்வொன்றும் 14 நிமிஷம். 2004-ல் கச்சேரி டிக்கெட்டோடு சி.டி. இலவசம். 2007-ல் பிரிட்டனில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரோடு 'பிளானெட் எர்த்' இலவசம், கடைக்காரர்கள் கொதித்துப்போக, சோனி கம்பெனி அங்கே அதன் வெளியீட்டையே ரத்து செய்தது. 2014-ல் வார்னரோடு சமாதானமாகி, மாஸ்டர்கள் ஒருவழியாக அவர் கைக்கு வந்தன. 37 வருஷம்.

அவர் மற்றவர்களிடம் எப்படி நடந்துகொண்டார் என்பதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. 'த டைம்' குழுவிலிருந்த ஜிம்மி ஜாம், டெர்ரி லூயிஸ் இருவரும் 1983-ல் அட்லாண்டாவில் வேறொரு குழுவுக்கு ரெக்கார்டிங் செய்யப் போய், பனியில் விமானம் கிளம்பாமல் ஒரு கச்சேரியைத் தவறவிட்டார்கள். வேலை போச்சு. (அவர்கள் பிறகு ஜேனட் ஜாக்சனை உருவாக்கினார்கள், அதனால் நமக்கு நஷ்டமில்லை.) 2011-ல் அந்தக் குழு மறுபடி சேர்ந்து ஆல்பம் போட்டபோது 'த டைம்' என்ற தங்கள் சொந்தப் பெயரையே பயன்படுத்த முடியவில்லை, 'ஒரிஜினல் செவன்' என்று வைத்துக்கொண்டார்கள். பெயர் பிரின்ஸ் வசம். தன் பெயரைக் கம்பெனியிடம் இழந்தேன் என்று ஏழு வருஷம் சின்னமாக நடமாடியவரிடம்தான் இவர்கள் பெயர் மாட்டிக்கொண்டிருந்தது!

2016 ஏப்ரல் 21. பெய்ஸ்லி பார்க் லிஃப்ட்டில் இறந்து கிடந்தார். ஃபென்டனில் மருந்து. வயது 57. உயில் இல்லை. ஒவ்வொரு நாடாவையும் எண்ணி எண்ணிக் காத்தவர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வைக்கவில்லை. பெட்டகத்தின் பூட்டைத் துளைபோட்டுத் திறந்தார்கள். நீதிமன்றம் நியமித்த வங்கி நிர்வாகம், 2017-ல் நாடாக்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் சேமிப்புக் கிடங்குக்கு இடமாற்றம், வாரிசுகளுக்குள் வழக்கு, வரித்துறையோடு இழுபறி. 2022-ல்தான் சொத்து சுமார் 15.6 கோடி டாலர் என்று முடிவாகி, வாரிசுகள் தரப்புக்கும் 'பிரைமரி வேவ்' கம்பெனிக்கும் பிரிந்தது. எஸ்ரா எடெல்மன் எடுத்த ஒன்பது மணிநேர ஆவணப்படத்தை நெட்ஃபிளிக்ஸ் வெளியிடாது என்று 2025-ல் அறிவிப்பு வந்தது. சொத்து நிர்வாகத்துக்குப் பிடிக்கவில்லை.

மைல்ஸ் டேவிஸுக்காகச் செய்து, திருப்தியில்லாமல் தானே திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு பாட்டு உண்டு. 2020-ல் வந்த 'சைன் ஓ த டைம்ஸ்' பெரிய பெட்டியில், எட்டு சி.டி.யில், அதுவும் இருக்கு. வேண்டாம் என்று அவர் ஒதுக்கியதை நாம் காசு கொடுத்து வாங்கிக் கேட்கிறோம். கேட்கலாமா? கேட்காமல் இருக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான் சொல்ல முடியும்.

எங்கே ஆரம்பிப்பது என்று கேட்பவர்களுக்கு, 2018-ல் வந்த 'பியானோ அண்ட் எ மைக்ரோஃபோன் 1983'. வீட்டு ஸ்டூடியோவில் ஒரே மூச்சில் ஒரு கேசட்டில் பதிவானது, 35 நிமிஷம்தான். 'பர்ப்பிள் ரெய்ன்' இன்னும் ஊருக்குத் தெரியாது, இதில் ஒன்றரை நிமிஷத்துக்கும் குறைவாக எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடும். ஆரம்பத்தில் இன்ஜினியரிடம் விளக்கைக் கொஞ்சம் குறைக்கச் சொல்கிறார். நடுவில் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்கூடக் கேட்கும். ஹெட்ஃபோனில் கேளுங்கள்.